முன்கண்ணாடிக்கு ஐந்து முடிச்சு

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தேதியில் இருந்து ஆரம்பிப்போம். மார்கழி நாலு, வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால். அதுதான் முதல் விரிசல்.

இங்கிலீஷ் தேதி எனக்குத் தெரியாது. சுவரில் காலண்டர் தொங்குகிறதே, அதைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாள் மட்டும் தப்பாது. இதோ இந்த நூலைப் பாருங்கள். ஐந்து முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு முடிச்சு. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் எத்தனை நாளோ அத்தனை விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தாலும் சரியாக இருக்கும்.

கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். பின்னால் மனு எழுதக் காத்திருக்கிறவர் காதில் விழ வேண்டாம். எனக்கு இப்படி ஆள் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை.

பெயர் அங்கம்மாள். வயது அறுபத்தாறு. வீட்டுக்காரர் கருப்பண்ணன், காலமாகி ஒன்பது வருஷம் நாலு மாதம். இலங்கையில் இருந்து பதினாலு வயதில் வந்தேன். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இங்கே வந்து முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தேன். கையெழுத்துப் போடுவேன். கைநாட்டு வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் மைப்பெட்டியைத்தான் எடுக்கிறார்கள்.

மனு எதற்கு என்றால், என் மகன் லோகநாதன் சப் ஜெயிலில் இருக்கிறான். போன வெள்ளியையும் இன்றைக்கு இருக்கிற புதனையும் சேர்த்து ஆறு நாள். போஸ் என்கிறவனுடைய வலது கையை அடித்து உடைத்துவிட்டான் என்று கேஸ். அடித்தது உண்மை. அதை இல்லையென்று எழுத வேண்டாம். ஆனால் ஏன் அடித்தான் என்று எழுத வேண்டும். டாக்ஸி ஸ்டாண்டு தலைவர்தான் சொன்னார். "நீங்க ஒரு எதிர் மனு குடுங்கம்மா. போஸ்தான் அஞ்சு தடவை கண்ணாடியை விரிசல் விட வச்சான்னு தேதியோட குடுத்தீங்கன்னா அவன் இறங்கி வருவான். பையன் வெளிய வந்துருவான்" என்றார். அதனால்தான் வந்தேன். தேதி என்னிடம் இருக்கிறது. எழுத்து உங்களிடம் இருக்கிறது.

லோகு கார் வைத்திருக்கிறான். வெள்ளைக் கார். ஐப்பசியில் வாங்கினான். வாங்கி இரண்டு மாதம் ஒரு கீறல் கிடையாது. எங்கள் காலனியில் வீடுகளுக்குக் கீழே ஒரு மண் திட்டு இருக்கிறது. அங்கேதான் வண்டி நிற்கும். பக்கத்திலேயே போஸுடைய வண்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை முழம்.

போஸ் யார் என்று கேட்பீர்கள். சந்திரபோஸ். லோகுவை விட மூன்று வயது மூத்தவன். அவனுடைய அம்மாவும் நானும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள். அவள் போன பிறகு அவனுக்கு என் வீட்டில்தான் சோறு. என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். லோகுவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். இதையெல்லாம் எழுத வேண்டுமா? எழுதுங்கள். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

மார்கழி நாலு. காலையில் லோகு எழுந்து வந்து வண்டியை எடுத்தான். நான் அப்போதுதான் சாம்பிராணி போட்டுவிட்டுத் தூபக்காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் வளைவு திரும்பினான், திரும்பியதும் நிறுத்திவிட்டான். இறங்கி வந்து, "அம்மா, இங்க வாங்க" என்றான். முன்கண்ணாடியில் கீழ் ஓரத்தில் இருந்து ஒரு கோடு மேலே ஏறியிருந்தது. நாலு விரற்கடை. தலைமுடி மாதிரி. தொட்டுப் பார்த்தால் விரலுக்குக்கூடத் தட்டவில்லை.

"நேத்து கல்லு ஏதும் தெறிச்சுதாடா?"

"இல்லம்மா. சாயங்காலம் தொடச்சுட்டுதான நிறுத்தினேன்."

மறு நாள் பார்த்தால் அந்த நாலு விரற்கடை ஒன்றரைச் சாண் ஆகிவிட்டது. ஓட ஓட வளர்கிறது. கண்ணாடி மாற்ற மேட்டுப்பாளையம் போனான். அங்கே ஜாபர் என்று ஒருவர், இருபது வருஷமாகக் கண்ணாடிதான் மாற்றுகிறாராம். அவர் கண்ணுக்கு லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கல் பட்ட புள்ளியே இல்லையே தம்பி. கல்லடின்னா ஒரு குழி இருக்கும். இது ஓரத்துல இருந்து கெளம்பியிருக்கு. சூட்டுல விட்டது" என்றாராம்.

லோகு சிரித்துவிட்டான். "பாய், நான் மேல இருந்து வரேன். காலைல கண்ணாடி மேல பனியைச் சொரண்டிட்டுதான் வண்டி எடுக்கணும். எங்க ஊர்ல ஏது பாய் சூடு?"

அவரும் யோசித்துவிட்டு, சரக்கு அப்படி இருந்திருக்கும் என்றாராம். வீட்டுக்கு வந்து லோகு இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். மார்கழியில் எங்கள் மலையில் சூடு.

அடுத்த வெள்ளி, மார்கழி பதினொன்று. அன்று வண்டி ஜாபர் கடையில் நின்றது. கண்ணாடி வந்து சேரவில்லை. அதனால் அந்த வெள்ளி ஒன்றும் இல்லை. அதற்கு முடிச்சு இல்லை.

மார்கழி பதினெட்டு, வெள்ளி. இரண்டாவது விரிசல். புதுக் கண்ணாடி ஐயா, ஒட்டி நாலு நாள்கூட ஆகவில்லை. இந்தத் தடவை ஒரு சாண். அதே கீழ் ஓரம். கையில் இருந்த தூபக்காலோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். மார்கழி இருபத்தைந்து, வெள்ளி. அதே கண்ணாடி, அதே விரிசல், வைப்பரைத் தாண்டி மேலே ஏறி வளைந்துவிட்டது. அதை மூன்றாவதாகக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரே விரிசல்தானே என்று லோகு சொன்னான். ஒரே செடியில் இரண்டு தரம் பறித்தால் இரண்டு பறிப்புதான். நான் அப்படித்தான் எண்ணுவேன்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வெள்ளி, வெள்ளி, வெள்ளி. சனி இல்லை, செவ்வாய் இல்லை. கல்லுக்குக் கிழமை தெரியுமா ஐயா? குரங்குக்குத் தெரியுமா? மேலே ஒரு கற்பூர மரம் இருக்கிறது, அதில் இருந்து காய் விழும். அந்தக் காய் வெள்ளி பார்த்தா விழும்? கிழமை பார்க்கிறது என்றால் அது மனுஷன்தான்.

எந்த மனுஷன்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, பெயர் எஸ்தர், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். லோகுதான் கூட்டிக்கொண்டு போவான். அதில்தான் அவன் வண்டியே ஓடியது. விரிசல் விட்ட கண்ணாடியோடு சவாரி ஏற்றி வளைவில் இறங்க முடியாது. செக்போஸ்டில் விட மாட்டார்கள். கண்ணாடி உடைந்த நாள்களில் அந்த டீச்சரம்மாவை யார் கூட்டிக்கொண்டு போனது? போஸ். மொத்தம் பதினோரு டிரிப். லோகுவே கேட்டுத்தான் அனுப்பினான் என்பது உண்மை. "அண்ணே, டீச்சர் காத்திருப்பாங்க, நீ போயிட்டு வா" என்று அவனே போன் பண்ணினான். ஆனாலும் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

நான் எடுத்த எடுப்பில் போஸ் மேல் பழி போடவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரக் கழிவு என்று இரண்டு கிலோ கழிப்பார். மழை பெய்தால் சரி. வெயில் காய்கிற நாளிலும் கழிப்பார். நான் இடுப்பில் கட்டுகிற படங்கின் முனையில் முடிச்சுப் போட்டு வைப்பேன். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோ, எத்தனை கழிவு, எல்லாம். ஒரு நாள் ஐம்பத்தாறு பேர் நிற்கிற இடத்தில், தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "ஐயா, பங்குனியில இருந்து இன்னைக்கு வரைக்கும் மழை ஒன்பது நாள். நீங்க கழிச்சது நாப்பத்தோரு நாள்." அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தொன்றுதான். அதற்குப் பிறகு என் கூடையில் அவர் கழித்ததில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், இருக்கிறதை இருக்கிறபடி எண்ணினால் நியாயம் தன்னால் வெளியே வரும். அப்படித்தான் இதையும் எண்ணினேன்.

தை பிறந்தது. தை மூன்று வெள்ளி. லோகு பொங்கல் சவாரிக்குப் பழனி போய்விட்டான். வண்டி ஊரிலேயே இல்லை. விரிசலும் இல்லை. அதற்கு முன்பே இன்னொரு கண்ணாடி போட்டிருந்தான்.

தை ஒன்பது வியாழன் சாயங்காலம் நான் ஒரு வேலை செய்தேன். லோகு டீக்கடைக்குப் போயிருந்தான். அரிசி மாவை எடுத்துப் போய் வண்டியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவினேன். எவன் வந்தாலும் கால் பதியும். போஸுக்கு இடது கால் கொஞ்சம் சாய்ந்துதான் விழும், பார்த்தாலே தெரியும். வெள்ளி காலையில் ஐந்தரைக்குச் சாம்பிராணி போட இறங்கினேன். மாவு அப்படியே இருந்தது. நான் நடந்து போய்ச் சாம்பிராணி போட்டுவிட்டு வந்தேன். ஏழு மணிக்கு லோகு வண்டியை எடுக்க வந்தான். கண்ணாடியில் இரண்டு சாண் விரிசல். ஓடிப் போய் மாவைப் பார்த்தேன். என் கால் தடம் மட்டும்தான் இருந்தது. போக மூன்று, வர மூன்று.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் அவனுக்கு. மாவு மிதிக்காமல் செய்திருக்கிறான்.

அன்றைக்கு லோகு மாவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோலமா?" என்று கேட்டான். நான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "போஸண்ணனையா சொல்றீங்க? சும்மா இருங்கம்மா" என்றான். ஆனால் அன்றில் இருந்து போஸிடம் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ராத்திரி சாப்பிடும்போது, "அவன் ஏம்மா அப்படிச் செய்யணும்?" என்று அவனே கேட்டான். நான் பதினோரு டிரிப்பைச் சொன்னேன். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான். சோறு பாதி அப்படியே இருந்தது.

தை பதினேழு வெள்ளி. இதைக் கவனமாக எழுதுங்கள். வண்டி திட்டில்தான் நின்றது. புதுக் கண்ணாடி, போட்டு இரண்டு நாள். போஸும் ஊரில்தான் இருந்தான். ஆனால் விரிசல் இல்லை. ஏன்? நான் ஊரில் இல்லை. வால்பாறையில் என் தம்பி பெண்டாட்டி இறந்துவிட்டாள் என்று புதன் போய்ச் சனி வந்தேன். நான் இருக்கிற வெள்ளியில் செய்கிறவன் நான் இல்லாத வெள்ளியில் ஏன் செய்யவில்லை? யோசித்துப் பார்த்தேன் ஐயா. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. என் கண் முன்னால் செய்தால்தான் அவனுக்கு ருசி. என் வயிறு எரிவதைப் பார்க்க வேண்டும். நான் இல்லாவிட்டால் யாருக்காகச் செய்வது? இந்தக் காரணத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை. பொருந்தினால் நீங்கள் சொல்லுங்கள்.

பிறகு தை இருபத்துநாலு. போன வெள்ளி.

காலை எட்டு மணி. விரிசல் என்று சொல்லக்கூடாது, இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் கண்ணாடி பிளந்துவிட்டது. லோகு வண்டி முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். எஸ்தர் டீச்சர் வேறு போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். "இந்தக் கண்ணாடியோட இனிமே நம்மால ஓட்ட முடியாதும்மா. வண்டியை வித்துட்டுப் போயிரலாம்" என்றான். போஸ் அவன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியை வைத்துவிட்டு வந்தான். கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே டாஷ்போர்டைக் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"லோகு, கோவப்படாம ஒரு நிமிஷம் கேளு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்பத் தணிவாக, "பெரியம்மா, வெள்ளிக்கிழம விடியக்காலம் வண்டிக்குள்ள நீங்க" என்று ஆரம்பித்தான்.

முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. "பாத்தியாடா லோகு, நான் எப்ப வர்றேன் எப்ப போறேன்னு வேவு பாத்துட்டு இருந்திருக்கான்" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குச் சத்தம் வராது. ஆனால் லோகுவுக்குக் கேட்டுவிட்டது. ஜாக்கி ராடு பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்து இரண்டு அடி அடித்தான். ஒன்று வண்டி மேல் பட்டது. ஒன்று போஸுடைய முழங்கைக்குக் கீழே பட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அது பயத்தில் பார்த்ததா, குற்றத்தில் பார்த்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மூன்று மாதம் கியர் மாற்றக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை போஸ் பெண்டாட்டி விமலா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "பெரியம்மா, அவரு ஸ்டேஷன்ல உங்க பேரை எடுக்கவே இல்ல. அது தெரிஞ்சா லோகு தாங்க மாட்டான், பெரியம்மாவும் தாங்க மாட்டாங்க, விட்டுருன்னு சொல்லிட்டாரு. நான் சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அழுதாள். போய்விட்டாள். எது தெரிந்தால்? என் பெயரை எதற்கு எடுக்க வேண்டும்? நான் என்ன செய்தேன்? மூன்று நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். தப்பு அவன் மேல் இருப்பதால்தான் என் பெயரை எடுக்கப் பயப்படுகிறான் என்று எழுதுங்கள். எழுதிவிட்டீர்களா?

நேற்று லோகுவைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். தாடி வந்திருக்கிறது. "போஸண்ணனுக்கு விரல் அசையுதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டான். பிறகு, "அவன்தானேம்மா? நல்லாத் தெரியுமில்ல உங்களுக்கு?" என்றான். தெரியும் என்றேன். அதைக் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு விட முடிந்தது. ஐயா, அவன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருக்கிறான். நீங்கள் எழுதப் போகிறதுதான் எனக்கும் பிடிமானம்.

சரி. அவ்வளவுதான். இன்னும் என்ன வேண்டும்?

சாட்சியா? சாட்சி நான்தான்.

நான் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுத வேண்டுமா? ஒவ்வொரு தேதிக்கும்? சரி, அதில் என்ன. எல்லாம் கணக்கு இருக்கிறது.

சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கேயா? வண்டிக்குள்தான். முன்பெல்லாம் வெளியே நின்று நாலு பக்கமும் காட்டுவேன். மார்கழி பிறந்ததும் வெளியே பனி கொட்டுகிறது, கங்கு அணைந்துவிடுகிறது. புகையும் காற்றோடு போய்விடுகிறது. அதனால் உள்ளே வைத்தேன். முன்னால் கண்ணாடிக்குக் கீழே மேடை மாதிரி இருக்கிறதே, அங்கே பலகை போட்டு, பலகை மேல் மண் தட்டு வைத்து, அதன் மேல் தூபக்கால். கதவு எல்லாம் அடைத்துவிட்டு நானும் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். கால் மணி நேரம். பிள்ளை போகிற பாதை முழுக்க வளைவு ஐயா, ஒவ்வொரு வளைவையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியில் பனி உருகி வெளிப் பக்கம் தண்ணீர் வழியும். லோகு தூங்குவான், அவனுக்குத் தெரியாது. மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. வண்டியில் நல்ல வாசனை வருகிறது என்று சவாரிகள் சொல்வதாக மட்டும் சொல்வான். சொன்னால் கேலி பண்ணுவான் என்று நானும் சொல்லவில்லை.

எழுதுங்கள். மார்கழி நாலு. வண்டிக்குள் இருந்தேன். ஏழு கங்கு. தேங்காய்ச் சிரட்டைக் கங்கு, அதுதான் நின்று எரியும்.

மார்கழி பதினொன்று. வண்டி இல்லை. போடவில்லை.

மார்கழி பதினெட்டு. ஒரு தடவை விரிசல் விட்டுவிட்டதே, கண் பட்டுவிட்டது என்று கூடப் போட்டேன். பதினொரு கங்கு. மார்கழி இருபத்தைந்து, அதே பதினொன்று.

தை மூன்று. வண்டி பழனியில். போடவில்லை.

தை பத்து. பதினைந்து கங்கு.

தை பதினேழு. நான் வால்பாறையில். போடவில்லை.

தை இருபத்துநாலு. மனசு கேட்கவில்லை. இருபத்தொன்று போட்டேன். தட்டே சிவந்துவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு

கொஞ்சம் நிறுத்துங்கள் ஐயா.

நூலை இப்படிக் கொடுங்கள்.

மார்கழி நாலு. போட்டேன். பதினெட்டு. போட்டேன். இருபத்தைந்து. தை பத்து. இருபத்துநாலு. ஐந்து. போடாத வெள்ளி மூன்று. முடிச்சு இல்லாத வெள்ளியும் மூன்று.

இன்னொரு தரம் எண்ணிக்கொள்கிறேன். அவசரம் இல்லையே உங்களுக்கு? பின்னால் இருக்கிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஐந்து. மூன்று.

நாலு விரற்கடை, ஒரு சாண், இரண்டு சாண். ஏழு, பதினொன்று, பதினைந்து.

ஜாபர் என்ன சொன்னார் என்று எழுதினீர்கள்? முதல் பக்கத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். ஆமாம். சரி. போதும், படிக்க வேண்டாம்.

போஸ் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தான் ஐயா. அதில் வட்டமாகக் கருகியிருந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தான்.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

ஐயா, ஒன்று கேட்கட்டுமா. இந்தக் கடைசிப் பக்கம் வேண்டாம். சாட்சி எங்கே இருந்தார் என்பது இல்லாமல் மனு நிற்காதா? நிற்கும். நீங்கள் நினைத்தால் நிற்க வைக்கலாம். சாம்பிராணி என்கிற வார்த்தை முதல் பக்கத்தில் ஒரு இடத்தில் வருகிறது, மாவு தூவிய இடத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறது. தூபக்கால் என்பதும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அவற்றையும் அடித்துவிடுங்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன் என்று போடுங்கள். இல்லை, அப்படியும் போட வேண்டாம். ஒன்றும் போடாதீர்கள். இடத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். மற்ற தேதியெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குத் தெரியும். போஸுடைய அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு செடிதான் இருக்கும், முப்பது வருஷம். எனக்குத் தெரியும்.

ஆனால் நான் லோகுவிடம் போய் என்ன சொல்வேன்? அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன்தானேம்மா என்று கேட்டான். நான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது இல்லை, நான்தான் என்று சொன்னால் அவன் வெளியே வந்தும் என்ன செய்வான்? போஸ் முகத்தில் எப்படி முழிப்பான்? அதற்கு உள்ளேயே இருந்துவிடுகிறேன் என்பான். அவனை எனக்குத் தெரியும். முதலில் அவன் வெளியே வரட்டும் ஐயா. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வந்த பிறகு நானே போஸ் வீட்டுக்குப் போகிறேன்.

பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்? எழுதுங்கள் ஐயா. ஆறு நாள் ஆகிவிட்டது. நாளை மறு நாள் வெள்ளி.

முடிந்ததா? கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டீர்கள்தானே? கையெழுத்து எந்த இடத்தில்? இங்கேயா?

இல்லை, பேனா வேண்டாம். அந்த மைப்பெட்டியை இப்படித் தள்ளுங்கள். கைநாட்டே வைத்துவிடுகிறேன்.